பழகினால்தான் வரும்
(பங்கின் பொன்விழாக் கருத்தரங்கில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் ஆற்றிய உரை)

 

பள்ளியிலும் பங்குச் சபைகளிலும் புரிந்துணர்வை வளர்ப்பது எப்படி என்பது எனக்குத் தந்த தலைப்பு. முப்பது ஆண்டுகள் ஆசிரியையாக இருந்தவள் நான். என் குறையிலிருந்தே தொடங்குகிறேன்.

பாடநூலின் முன்பக்கத்தில் தீண்டாமைக்கு எதிராக அச்சிட்டிருக்கும் வாசகங்களை மாணவர்களுக்கு உரக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். அன்று மதியமே அந்தப் பிள்ளைகள், ஒரு கூட்டம் வேப்பமரத்தடியிலும் ஒரு கூட்டம் தண்ணீர்த் தொட்டியருகிலுமாகப் பிரிந்து உட்கார்ந்து சாப்பிடுவார்கள். கைகளில் நிறம் நிறமாகக் கயிறுகள். எந்த நிறம் எந்தச் சாதி என்று எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும். பார்த்தும் பாராமல் போனேன்.

2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பட்டியல் சாதியைச் சேர்ந்த பிளஸ் டூ மாணவர் ஒருவரும், தடுக்க வந்த அவர் தங்கையும் தம் வீட்டிலேயே அரிவாளால் வெட்டப்பட்டார்கள். குற்றம் சாட்டப்பட்டவர்கள் அவரோடு ஒரே பள்ளியில் படித்த மாணவர்கள். அந்தச் செய்தியைப் படித்த நாளில் என் வேப்பமரத்தடிதான் என் கண்முன் வந்தது.

அதன்பின் அரசு அமைத்த நீதியரசர் சந்துருவின் ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. வண்ணக் கயிறுகளைத் தடைசெய்தல், பள்ளிகளின் பெயரிலுள்ள சாதிப் பெயர்களை நீக்குதல், மாணவர்களை அகர வரிசையில் அமர்த்துதல் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. ஆசிரியர் பயிற்சிப் பாடத்திட்டத்தையே மாற்ற வேண்டும் என்றும் சொன்னது. அதுவே என் நெஞ்சைத் தொட்டது. கணக்குப் பாடம் நடத்த எனக்குப் பயிற்சி தந்தார்கள். கயிறு கட்டிய பிள்ளையிடம் என்ன பேசுவது, அவமானப்பட்ட பிள்ளையை எப்படித் தேற்றுவது என்று ஒருவரும் பயிற்சி தரவில்லை. நானும் கேட்கவில்லை.

அன்பர்களே! நம் பாடகர் குழு கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு எத்தனை இரவுகள் ஒத்திகை பார்க்கிறது! நல்ல மனசு இருக்கிறது, பாடிவிடலாம் என்று யாரும் வந்து நிற்பதில்லை. தமிழில் பழகுதல் என்ற சொல்லுக்குப் பயிற்சி செய்தல் என்றும் பொருள் உண்டு. மனிதரோடு கலந்து உறவாடுதல் என்றும் பொருள் உண்டு. புரிந்துணர்வுக்கு இரண்டும் வேண்டும்.

பிள்ளைகளைச் சொல்லுமுன் நம்மைப் பார்ப்போம். 2003 நவம்பரில் தமிழக ஆயர்களைச் சந்தித்த திருத்தந்தை இரண்டாம் ஜான் பால், கிறிஸ்தவர்களிடையே சாதிப் பாகுபாட்டின் சாயல்கூட இருக்கலாகாது என்று உணர்த்தினார். 2016-ல் இந்திய ஆயர் பேரவையும் தலித் மக்களின் மேம்பாட்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது. நாம் என்ன செய்தோம்? திருவிழா வரி யாரிடம் வாங்குகிறோம்? சப்பரம் தூக்க யாரை அழைக்கிறோம்? கல்லறைத் தோட்டத்தில் எந்த மூலை யாருக்கு? நாம் வாய்திறந்து சொல்லாத இந்தப் பாடத்தைத்தான் நம் பிள்ளைகள் நன்றாகப் படித்துவிடுகிறார்கள்.

ஆகவே இந்தப் பொன்விழா ஆண்டில் மூன்று வேண்டுகோள். முதலாவது, நம் ஆசிரியர்களுக்கும் மறைக்கல்வி ஆசிரியர்களுக்கும் ஆண்டுதோறும் இதற்கெனப் பயிற்சி நடத்துவோம். இரண்டாவது, இளைஞர் இயக்கத்திலும் வின்சென்ட் தே பவுல் சபையிலும் எல்லாத் தெருவினரும் பொறுப்புக்கு வரட்டும். வேலையைச் சேர்ந்தே செய்யட்டும். மூன்றாவது, அன்பியக் கூட்டம் ஒரே தெருவில் நின்றுவிடாமல் ஒவ்வொரு தெருவுக்கும், ஒவ்வொரு வீட்டுக்கும் முறைவைத்துப் போகட்டும். போன வீட்டில் செபம் முடிந்ததும் அவசர வேலை இருக்கிறது என்று எழுந்துவிடாதீர்கள். அவர்கள் தரும் காபியை உட்கார்ந்து குடித்துவிட்டு வாருங்கள். உங்கள் பிள்ளையையும் கூட்டிப் போங்கள், அது பார்க்கட்டும்.

நான் முப்பது ஆண்டுகள் நடத்தாமல் விட்ட பாடம் அது.