வரிசையில் யாருக்கு முதலிடம்? சிங்கப்பூரின் பிறப்புக் கொள்கை

1966-இல் சிங்கப்பூரின் கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையில் 39,000-க்கும் அதிகமான குழந்தைகள் பிறந்தன. நாளொன்றுக்கு நூறு பிரசவத்துக்கு மேல்! கின்னஸ் புத்தகத்தில் அந்த மருத்துவமனைக்கு இடம் கிடைத்தது. தனிநாடாகி ஓராண்டே ஆகியிருந்த அரசுக்கு அந்தப் பெருமை இனிக்கவில்லை. இன்று பிரசவக் கட்டிலுக்கு நெருக்கடி என்றால் ஏழாண்டில் வகுப்பறைக்கு, இருபதாண்டில் வேலைக்கும் வீட்டுக்கும். அதே ஆண்டில் குடும்பக் கட்டுப்பாட்டு வாரியம் வந்தது. 1972-இல் இரண்டு பிள்ளைகளோடு நிறுத்தச் சொல்லும் இயக்கமும் தொடங்கியது.

இந்தியாவில் நெருக்கடிநிலைக் காலத்தில் நடந்ததுபோல யாரையும் பிடித்துக்கொண்டு போய்க் கருத்தடை அறுவை செய்யவில்லை. சிங்கப்பூர் கையில் எடுத்தது வரிசையை. அடுத்தடுத்த பிள்ளைக்குப் பிரசவக் கட்டணம் ஏறியது. மூன்றாவது பேற்றுக்குச் சம்பளத்துடன் விடுப்பு கிடையாது. வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீடு ஒதுக்கீட்டில் பெரிய குடும்பத்துக்கு இருந்த முன்னுரிமை போயிற்று. நான்காவது பிள்ளை பள்ளிச் சேர்க்கையில் பின்னுக்குத் தள்ளப்பட்டது. பெற்றோரில் ஒருவர் கருத்தடை அறுவை செய்துகொண்டிருந்தால் அந்தத் தண்டனை தளர்ந்தது. மக்களுக்குச் சேவை செய்ய வேண்டிய மருத்துவமனையும் பள்ளியும் வீடும் அவர்களைத் திருத்தும் பிரம்பாயின.

பிரம்பு வேலை செய்தது. 1965-இல் பெண் ஒருவருக்கு 4.66 ஆக இருந்த கருவள விகிதம் பத்தே ஆண்டில் ஏறத்தாழ 2.1-க்கு வந்தது. பெண்கல்வியும் வேலைவாய்ப்பும் இதில் பாதி வேலையைச் செய்தன என்றே கொள்ள வேண்டும். புகழ் முழுவதையும் கொள்கைக்குக் கொடுத்துவிட முடியாது.

இறக்கம் அங்கே நிற்கவில்லை. 1984-இல், படித்த பெண்களை அதிகம் பெறவைக்க, பட்டதாரித் தாய்மாரின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை தரப்பட்டபோது பட்டதாரிப் பெண்களே முகம் சுளித்தார்கள். அவ்வாண்டுத் தேர்தலில் ஆளுங்கட்சியின் வாக்கு விகிதம் சுமார் 13 புள்ளி சரிந்தது. மறு ஆண்டே அந்தச் சலுகை கைவிடப்பட்டது. 1986-இல் கருவள விகிதம் 1.43. மறு ஆண்டு அரசு குட்டிக்கரணம் அடித்தது: வசதியிருந்தால் மூன்றோ அதற்கு மேலோ பெறுங்கள்! நேற்று அபராதத்துக்கு உரியதாக இருந்த மூன்றாவது பிள்ளைக்கு இப்போது வரிக் கழிவு. 1988-இல் விகிதம் 1.96-க்கு எழுந்தது. ஆனால் அது, பிள்ளை பெற நல்லது எனச் சீனர்கள் கருதும் டிராகன் ஆண்டு. பிள்ளைகள் சலுகைக்குப் பிறந்தனவா, ராசிக்குப் பிறந்தனவா?

2001-இல் குழந்தை போனஸ் வந்தது. பின்னர் தந்தையருக்கும் விடுப்பு வந்தது. எதுவும் எடுபடவில்லை. இரண்டே பிள்ளைகளுக்கு ஏற்ப வீடும் வேலையும் செலவும் அமைந்துவிட்ட நகரத்தில் மூன்றாவது பிள்ளைக்குக் காசு மட்டும் இடம் பண்ணித் தராது. 2024-உம் டிராகன் ஆண்டுதான். அப்போதைய பிரதமர் லீ சியன் லூங் சீனப் புத்தாண்டுச் செய்தியிலேயே பிள்ளை பெறும்படி தம்பதியரைக் கேட்டுக்கொண்டார். விகிதம் 0.97-இலிருந்து அசையவில்லை.

விளைவு அதே சேவைகளின் வாசலுக்கே வந்து சேர்ந்தது. மாணவர் குறைந்ததால் 2019-இல் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைக்கப்பட்டன. மறுபுறம், 2024-இல் குடிமக்களில் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் 65 வயதைத் தொட்டவர். ஓய்வு வயதை 64-க்கும் ஓய்வுக்குப் பின் மறுவேலை தரும் வயது வரம்பை 69-க்கும் உயர்த்த அரசு முடிவெடுத்தது. நடைமுறைக்கு வரக் குறித்த நாள் 2026 ஜூலை 1.