காட்டுக்கும் கணக்கு வேண்டும்

(களுவாஞ்சிக்குடியில் விவசாயிகளும் உத்தியோகத்தரும் கூடிய கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



குருமண்வெளித் துறையில் வாவி கடந்து, படுவான்கரையிலே வேளாண்மை செய்கின்ற உங்களுக்கு நீரின் அருமையை நான் எடுத்துக் கூற வேண்டியதில்லை. ஆனால், அந்நீர் பிறக்குமிடத்தை நாம் எண்ணிப் பார்த்ததுண்டா? மேற்கே காடுகளில் விழுகின்ற மழையே ஆறாகிக் குளமாகி நமது வயலுக்கு வருகின்றது. மிஞ்சினால் வெள்ளமாகி வீட்டுக்கும் வருகின்றது. 1957 மார்கழி வெள்ளத்தையும் 2011 தை வெள்ளத்தையும் மட்டக்களப்பு மறக்காது.

பட்டிப்பளை ஆறு என்று நம் முன்னோர் அழைத்த கல்லோயாவை இங்கினியாகலையில் மறித்துச் சேனநாயக்க சமுத்திரம் கட்டப்பட்டது. அதன் நீரேந்து பகுதியைக் காக்கவே 1954ஆம் ஆண்டிலே கல்லோயா தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. ஏறத்தாழ 25,900 ஹெக்டேயர் நிலம்! காவல் போட்டாயிற்று, நல்லது. ஆனால், கணக்கில்லாத களஞ்சியத்தில் நெல் குறைவதைக் காவற்காரன் எவ்வாறு அறிவான்?

ஒரு துண்டுக் காணிக்கு ஆட்சியுரிமை கோருபவன் பத்தாண்டுத் தடையற்ற ஆட்சியை நிரூபிக்க வேண்டும் என்கிறது நமது நாட்டுச் சட்டம். அவ்வாறாயின், மூன்றாண்டுத் திட்டமொன்றின் அறிக்கையைக் கொண்டு, நூறாண்டு வாழும் மரங்களைப் பற்றித் தீர்ப்புக் கூறுவது எந்த நியாயம்? ஓராண்டு மழை பொய்க்கும். மறு ஆண்டு கொட்டும். எது காலத்தின் குணம், எது காட்டின் நோய் என்று பிரித்தறிய நீண்ட காலத் தொடர் ஆய்வு வேண்டும்.

அமெரிக்காவின் ஹபார்ட் புறூக் மலைக்காட்டிலே 1963 முதல் ஓடைநீரை அளந்தும் ஆராய்ந்தும் வருகிறார்கள். அங்கே ஓர் ஓடையின் நீரேந்து பகுதியில் மரங்கள் அனைத்தையும் வெட்டிப் பார்த்தார்கள். ஓடையில் நீர் பெருகிற்று! அப்படியானால் காட்டை வெட்டலாமே என்பீர்கள். பொறுங்கள். பெருகிய நீரோடு மண்ணின் நைத்திரேற்றுச் சத்தும் பெருமளவிற் கழுவுண்டு போயிற்று. வெட்டுமுன் எழுதிய கணக்கும், வெட்டாத அயல் ஓடையின் கணக்கும் இருந்தமையாலன்றோ இவ்வுண்மை வெளிப்பட்டது!

அது குளிர்நாடு என்று கூறுவோருண்டு. நமது தீவிலேயே, சிங்கராஜ வனத்தில், 1993இல் 25 ஹெக்டேயர் நிலத்தை வகுத்து, ஒரு சென்றிமீற்றர் விட்டமுள்ள கன்று முதல் ஒவ்வொரு மரத்துக்கும் இலக்கமிட்டு அளக்கும் பணியைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தார் தொடங்கினர். அது மழைக்காடு, நமது மேற்குக் காடோ வறள்வலயத்தது. இதற்கு நெருங்கிய பாடம் தமிழ்நாட்டின் முதுமலையில் உண்டு. அங்கே 1988இல் இந்திய விஞ்ஞானக் கழகத்தார் 50 ஹெக்டேயரில் ஆய்வு தொடங்கினர். யானையால் வீழ்ந்த மரம் எது, தீயால் மடிந்தது எது, வரட்சியால் பட்டது எது என்று ஆராய்ந்து பதிந்தனர்.

அத்தகைய நிலையான ஆய்வு கல்லோயாக் காட்டுக்கும் வேண்டும். மழையளவு, ஓடையளவு, மரக்கணக்கு மூன்றும் ஒருங்கே எடுக்கப்படல் வேண்டும். அமைச்சர் மாறினாலும், வெளிநாட்டு உதவி நின்றாலும் ஆய்வு நில்லாதவாறு சட்டத்தினால் நிதி ஒதுக்கப்படல் வேண்டும். அக்கணக்கு தமிழிலும் சிங்களத்திலும் எழுதப்பட்டு, பெரும்போக ஆரம்பக் கூட்டத்திலே விவசாயிகள் முன்னிலையில் வாசிக்கப்படல் வேண்டும்.

நமக்கும் கடமையுண்டு. ஆசிரியர்களே, பள்ளிக்கூடத்தில் ஒரு மழைமானி வையுங்கள். வட்டவிதானைமாரே, குளத்து நீர்மட்டத்தை நாள்தோறும் கொப்பியில் எழுதுங்கள். சான்றில்லாத வழக்கு, எவ்வளவு நியாயமானதாயினும், மன்றிலே தோற்கும். நீருக்கான நமது வழக்கு அவ்வாறு தோற்றல் ஆகாது.