பிளாக் ஜோக்: பீரங்கியும் சட்டமும்

இன்று நான் பேச எடுத்துக்கொண்டது இரண்டே பாய்மரம் கொண்ட ஒரு சின்னக் கப்பலைப் பற்றி. பெயர் 'பிளாக் ஜோக்'. மேற்கு ஆப்பிரிக்கக் கரையில் அடிமை வணிகத்தைத் தடுக்க நின்ற பிரிட்டிஷ் கடற்படையில் பெரும் பேர் வாங்கிய கப்பல். அந்தப் பேரைக் குறைக்க நான் வரவில்லை. ஆனால் அடிமை வணிகத்தை அடக்க வேகமும் பீரங்கியும் போதவில்லை, சட்டத்தின் ஓட்டையையும் அடைக்க வேண்டியிருந்தது என்கிறேன். இதற்கு இந்தக் கப்பலே சாட்சி.

முதலில் அதுவே ஓர் அடிமைக் கப்பல். பால்டிமோரில் கட்டப்பட்டு, 'ஹென்றிகேட்டா' என்ற பெயரில் பிரேசிலின் பாஹியாவுக்கு மனிதர்களை ஏற்றிச் சென்றது. 1827 செப்டம்பரில் 'சிபில்' என்ற போர்க்கப்பல் பிடித்தபோது உள்ளே 569 பேர் அடைபட்டிருந்தார்கள். ஃபிரீடவுனில் ஏலத்துக்கு வந்ததை அந்தக் கரையின் ரோந்துப் படைத் தலைவர் காலியர் வாங்கி, பிளாக் ஜோக் என்ற பெயரில் ரோந்தில் சேர்த்தார். திருடனைப் பிடிக்கத் திருடனின் குதிரையே வேண்டியிருந்தது! அதே ஊர் ஏலங்களில் பிடிபட்ட வேறு கப்பல்களை அடிமை வணிகர்களின் ஆட்களே திரும்ப வாங்கிப் போனதும் உண்டு. அப்படிப் போன கப்பல்கள் மறுபடியும் அதே தொழிலுக்குத் திரும்பின. 1829 பிப்ரவரி 1 அன்று பிளாக் ஜோக் 'எல் அல்மிரான்டே' என்ற ஸ்பானிய அடிமைக் கப்பலை வென்றது. துரத்தல் மட்டும் 31 மணி நேரம். காற்று விழுந்துவிட்டபோது மாலுமிகள் நீளத் துடுப்புகளைப் போட்டு வலித்தே நெருங்கினார்கள். எதிரியிடம் 14 பீரங்கிகள், இவர்களிடம் இரண்டு. மீட்கப்பட்டவர்கள் 466 பேர்.

ஆனால் அவர்கள் கப்பலுக்குள் அடைக்கப்படும் முன்பே ஏன் தடுக்கவில்லை? அன்றைய ஸ்பானிய ஒப்பந்தப்படி, அடிமைகள் ஏறியிருந்தால்தான் கப்பலைப் பிடிக்கலாம். கைவிலங்குகள், அளவுக்கு மீறிய தண்ணீர்ப் பீப்பாய்கள், நூற்றுக்கணக்கானோருக்குச் சமைக்கும் அண்டாக்கள் எல்லாம் கண்முன்னே கிடந்தாலும் வெறுங்கப்பலை விட்டுவிட வேண்டும். மீட்ட தலைக்கு இவ்வளவு என்று வெகுமதி கிடைத்ததால் கேப்டன்கள் வேண்டுமென்றே காத்திருந்தார்கள் என்று குறை சொல்வோர் உண்டு. சிலர் அப்படிக் காத்திருந்திருக்கலாம். ஆனால் வெகுமதியை விரும்பாத கேப்டனையும் அந்த ஒப்பந்தம் காத்திருக்கத்தானே வைத்தது?

அடிமை வணிகத்தில் கொழுத்த பிரிட்டனுக்கு இந்த வேடம் எதற்கு என்றும் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி, 1807 வரை அந்த வணிகத்தில் பெரும்பங்கு அவர்களுடையதே. ஆனால் அரசின் பழைய பாவத்தைச் சொல்லி, மீட்கப்பட்ட ஒருவரின் விடுதலையைத் தள்ளிவிட முடியாது. அரை நூற்றாண்டில் ஏறத்தாழ 1,50,000 பேரைப் பிரிட்டிஷ் கடற்படையினர் மீட்டார்கள், ஆனால் அதைப் போலப் பல மடங்கு பேர் கடல் கடந்து போய்விட்டார்களே, ரோந்து வீண்தானே என்போருக்கும் பதில் இருக்கிறது. மாலுமிகளைப் பீரங்கியைவிடக் காய்ச்சல்தான் அதிகம் கொன்றது. அவர்கள் சோம்பிக் கிடக்கவில்லை. குறை அவர்கள் கையில் கொடுத்த அதிகாரத்தில் இருந்தது. 1835-இல் ஸ்பெயினுடன் செய்த ஒப்பந்தம் அந்தக் கைவிலங்குகளையும் அண்டாக்களையுமே போதிய சான்றாக ஏற்றது. ஆள் ஏற்றும் முன்பே பிடிக்க வழி பிறந்தது. மறுபக்கமும் உண்டு: பலமில்லாத சட்டமும் போதவில்லை. பிரேசில் 1831-இலேயே தடைச்சட்டம் போட்டது. அது ஏட்டிலேயே கிடந்தது. 1850-இல் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் பிரேசில் துறைமுகங்களுக்குள்ளேயே நுழைந்த பிறகுதான் அந்நாடு புதிய சட்டம் இயற்றி, அதை உண்மையாகவே நடைமுறைப்படுத்தியது.