சத்து மாத்திரையும் அளவு மீறினால் விஷம்

(கீழ்க்கட்டளையில் தொழிலாளர் குடும்பங்களிடையே நிகழ்த்திய பேச்சு)



"உடம்பிலே சத்தே இல்லை" என்று சொல்லாத வீடு நம்மிடையே உண்டா? மில்லில் இரவு ஷிப்டு முடித்து வருகிறவரும் சொல்கிறார். குனிந்து நாற்று நடுகிறவரும் சொல்கிறார். பொய்யல்ல. தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப் பேருக்கு மேல் ரத்தசோகை என்று 2019-21 தேசிய குடும்பநல ஆய்வே கூறுகிறது.

அதற்காகத்தான் சர்க்கார் இரும்புச் சத்து மாத்திரையை இலவசமாகத் தருகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு வாரம் ஒன்று. கர்ப்பிணிகளுக்குத் தினம் ஒன்று. அதைச் சாப்பிடத்தான் வேண்டும். மலம் கறுக்கிறதே என்று பயந்து சாக்கடையில் எறியாதீர்கள், கறுப்பது இயல்பு. ஆனால் உடனே டீ குடித்தால் மாத்திரை வீண்.

அதே மாத்திரை அளவு மீறினால்?

2023 மார்ச்சில் உதகமண்டலத்தில் ஒரு நகராட்சிப் பள்ளியில் மாணவிகள் சிலர், யார் அதிகம் விழுங்குவது என்று போட்டி போட்டார்கள். இந்த மாத்திரைகளைத்தான்! பதின்மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி ஈரல் கெட்டு, சென்னைக்குக் கொண்டுவரும் வழியிலேயே இறந்தாள். ஏழை வீட்டுப் பிள்ளைகள் படிக்கிற பள்ளி அது. சத்து என்று கொடுத்தது சாவாகும் என்று அந்தக் குழந்தைகளுக்கு யார் சொன்னார்கள்?

மிஞ்சிய இரும்பை வெளியே தள்ள நம் உடம்பில் வழி இல்லை. முதலில் வயிற்றைப் புண்ணாக்கும். வாந்தி, வயிற்றுவலி, ரத்தபேதி. சில மணி நேரத்தில் இவை அடங்கிவிடும், பிள்ளை தெளிந்ததுபோல் இருக்கும். அங்கேதான் நாம் ஏமாறுகிறோம். அடுத்த ஓரிரு நாளில் ஈரல் கெடுகிறது. கணக்குப் பாருங்கள்: 60 மில்லிகிராம் இரும்புள்ள மாத்திரையில் பத்தை 10 கிலோ எடைக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து. பார்வைக்கோ பெப்பர்மிண்ட் போல இருக்கிறது!

வைட்டமின்களிலும் இதே கதை உண்டு. 'சி' மிஞ்சினால் பெரும்பாலும் சிறுநீரோடு போகும். நஷ்டம் நம் கூலிக்காசு. 'ஏ', 'டி' அப்படியல்ல, உடம்பிலேயே தங்கும். வாரம் ஒன்று என்று எழுதித் தரும் 60,000 யூனிட் 'டி' மருந்தைத் தினம் ஒன்றாக மாதக்கணக்கில் சாப்பிட்டால் ரத்தத்தில் கால்சியம் ஏறி, சிறுநீரகம் கெடும். கர்ப்பிணிக்கு 'ஏ' மிஞ்சினால் வயிற்றுப் பிள்ளைக்குக் கேடு.

ஆஸ்பத்திரி மாத்திரை போதாதென்று கடையில் டானிக் வாங்குகிறோம். இரண்டிலும் ஒரே சரக்கு இருக்கலாம்; கம்பெனி விளம்பரம் அதைச் சொல்வதில்லை. புதிதாக எதை வாங்கினாலும், ஏற்கெனவே சாப்பிடுவதை டாக்டரிடம் காட்டிக் கேளுங்கள். முருங்கைக்கீரை, கேழ்வரகு, கடலை தின்று இந்த விஷம் யாருக்கும் ஏறியதில்லை. அவற்றை வயிறாரத் தின்னக் கூலி வேண்டும் என்பது வேறு விஷயம். அதை யூனியன் கூட்டத்தில் பேசுவோம்.

மாத்திரையைப் பள்ளியில் ஆசிரியர் கண்ணெதிரே விழுங்கச் செய்யவேண்டும், கைநிறையக் கொடுத்தனுப்பக் கூடாது என்று பெற்றோர் கேளுங்கள். வீட்டில் கைக்கெட்டாத உயரத்தில் பூட்டி வையுங்கள். குழந்தை விழுங்கிவிட்டால் விடியட்டும் என்று காத்திராமல் 108-ஐ அழையுங்கள். இரும்பை வெளியேற்ற ஊசி மருந்து உண்டு. ஈரல் கெடுமுன் போடவேண்டும். காலி அட்டையையும் கையோடு கொண்டு போங்கள். எத்தனை உள்ளே போயிற்று என்று டாக்டர் கணக்கிட அது வேண்டும்.