வாடகை வேஷம் வேண்டாம்



பள்ளி ஆண்டு விழாவில் மாறுவேட உடை வாடகைக்கு எடுக்க நம்ம குழுவிலேயே கடன் கேட்டிருக்கிறோம். பணம் புரளாமல் பிள்ளையை அன்னைக்கு வீட்டிலேயே நிறுத்தியும் இருக்கிறோம்.

தெருக்கூத்துக் கலைஞர்களைப் பாருங்க. கனமில்லாத கல்யாண முருங்கை மரத்தில் கிரீடம், புஜக்கட்டை செய்து, கண்ணாடிச் சில்லு ஒட்டி, பல வருஷம் பயன்படுத்துறாங்க. நாமும் செய்யலாம். நம்ம வேடந்தாங்கல் கூழைக்கடா வேஷத்துக்குப் பழைய வெள்ளை வேட்டியே இறக்கை. செய்தித்தாளைப் புளியங்கொட்டைப் பசையில் அடுக்கடுக்காய் ஒட்டிக் காயவைத்தால் அலகு. அதுக்குக் கீழே மஞ்சப்பையைத் தைத்தால் மீன் பிடிக்கிற பை!

தெர்மாகோல், ஜிகினாத்தாள் வேண்டாம். மழை வந்தால் ஏரிக்குத்தான் போகும். பறவைக்காகத் தீபாவளி வெடியையே விட்ட ஊர் இது.

குழுவுக்கு ஒரு டிரங்குப் பெட்டியில் உடைகளைச் சேர்ப்போம். எல்லாப் பிள்ளையும் மேடை ஏறட்டும். இதை இன்றே தீர்மான நோட்டில் எழுதுவோம்.