ஆங்கிலம் எழுதும்போது: இணைப்புச் சொற்களின் பொறுப்பு

எங்கள் கிளையின் மாணவர் வழிகாட்டும் கூட்டத்தில் ஆற்றிய உரை



ஆங்கிலத்தில் கடிதமும் விண்ணப்பமும் எழுதுவது பற்றிப் பத்து நிமிஷம் பேசும்படி செயலாளர் கேட்டுக்கொண்டார். நான் ஆங்கில இலக்கியம் படித்தவன் அல்ல, பி.எஸ்ஸி. பௌதிகம். ஆனாலும் 37 வருஷம் மத்திய சர்க்கார் உத்தியோகத்தில் ஆங்கிலக் குறிப்பு எழுதியே காலம் தள்ளியவன். அதில் பட்டுத் தெரிந்துகொண்ட ஒரு விஷயத்தை மட்டும் சொல்கிறேன். அது வாக்கியங்களைச் சேர்க்கும் சின்னச் சொற்களைப் பற்றியது. 'அண்ட்', 'பட்', 'ஆல்தோ', 'பிகாஸ்', 'தேர்ஃபோர்', 'ஹவெவர்' போன்றவை.

1976-ல் நான் நாக்பூரில் இருந்தேன். காலமான ஒரு கடைநிலை ஊழியரின் மனைவிக்குக் குடும்பப் பென்ஷன் அனுமதிக்க வேண்டிய ஃபைல் என் மேஜைக்கு வந்தது. அவருடைய சர்வீஸ் புத்தகத்தில் 11 மாதத்துக்குப் பதிவு இல்லை. அந்த மாதங்களின் சம்பளப் பட்டியல்களை நானே தேடி எடுத்துப் பார்த்தேன். அவர் வேலை பார்த்தது நிச்சயம். பிறகு ஆங்கிலத்தில் குறிப்பு எழுதினேன். அதைத் தமிழில் சொன்னால் இவ்வளவுதான்: விண்ணப்பம் முறையாக இருக்கிறது. சம்பளப் பட்டியல்கள் சரிபார்க்கப்பட்டன. சர்வீஸ் புத்தகத்தில் 11 மாதப் பதிவு விடுபட்டிருக்கிறது.

மூன்று வாக்கியமும் உண்மை. ஒன்றிலும் இலக்கணப் பிழை கிடையாது. மேலதிகாரி கடைசி வரியைப் பார்த்தார். 'விடுபட்டதைச் சரிசெய்து அனுப்பவும்' என்று எழுதி, ஃபைலைக் கீழ் அலுவலகத்துக்குத் திருப்பிவிட்டார். அது மறுபடி வந்து சேர 5 மாதம் ஆயிற்று. அதற்குள் அந்த அம்மாள் இரண்டு தடவை, இடுப்பில் குழந்தையோடு, என் மேஜை முன்னால் வந்து நின்றுவிட்டுப் போனார்.

எங்கள் பிரிவின் சூப்பரிண்டெண்ட் மராட்டியர், ஓய்வு பெறும் வயதில் இருந்தவர். என் குறிப்பை வாங்கிப் பார்த்து, பென்சிலால் இரண்டு வரி எழுதிக் காட்டினார். ஒன்று, 'பதிவு விடுபட்டிருந்தாலும் விண்ணப்பம் முறையாக இருக்கிறது.' மற்றொன்று, 'விண்ணப்பம் முறையாக இருந்தாலும் பதிவு விடுபட்டிருக்கிறது.' "இரண்டிலும் செய்தி ஒன்றுதான். முதலாவதைப் படிப்பவர் கையெழுத்துப் போடுவார். இரண்டாவதைப் படிப்பவர் திருப்பி அனுப்புவார். எது முக்கியம் என்று தெரிந்தவர் நீங்கள். நீங்கள் சொல்லாததை அவர் தாமாக முடிவு செய்துகொண்டார்" என்றார்.

குழந்தைகளே, இதைத்தான் நீங்கள் மனதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 'ஆல்தோ' எந்தப் பகுதியோடு சேர்கிறதோ அந்தப் பகுதி இறங்கிப்போகும். மற்றப் பகுதி மேலே நிற்கும். எது மேலே நிற்க வேண்டும் என்று தீர்மானிக்க வேண்டியவர் எழுதுகிறவர்.

இனி, நம் வீட்டுப் பிள்ளைகளிடம் நான் காணும் சில பிழைகள். தமிழில் 'வந்தாலும்' என்று வினைச்சொல்லிலேயே அந்தப் பொருள் ஒட்டிக்கொண்டுவிடுகிறது. சம்ஸ்கிருதத்தில் 'யத்யபி' என்றால் பின்னாலேயே 'ததாபி' வரும். ஹிந்தியிலும் 'ஹாலாங்கி' என்றால் 'லேகின்', 'சூங்கி' என்றால் 'இஸ்லியே' என்று ஜோடியாகவே வரும். வடக்கே வளரும் பிள்ளைகள் அந்தப் பழக்கத்தில் 'ஆல்தோ' என்று தொடங்கி நடுவில் 'பட்' போடுகிறார்கள். 'பிகாஸ்' என்று தொடங்கி 'தேர்ஃபோர்' போடுகிறார்கள். ஆங்கிலத்துக்கு இரண்டில் ஒன்று போதும்.

'பட்' இரண்டு வாக்கியங்களை ஒரு கமாவோடு சேர்த்துவிடும். 'ஹவெவர்', 'தேர்ஃபோர்' இரண்டுக்கும் அந்தச் சக்தி இல்லை. அவற்றால் புது வாக்கியம் தொடங்கினால் முன்னால் முற்றுப்புள்ளியோ அரைப்புள்ளியோ வேண்டும். 'சின்ஸ்' என்ற சொல்லுக்கு 'அப்போதிலிருந்து' என்றும் பொருள், 'என்பதால்' என்றும் பொருள். 'அவர் மாற்றலாகிப் போனது முதல் வேலை நடக்கவில்லை' என்பதும், 'அவர் போனதால் வேலை நடக்கவில்லை' என்பதும் ஒன்றல்லவே! காரணத்தைச் சொல்ல வேண்டுமானால் 'பிகாஸ்' என்றே எழுதிவிடுங்கள்.

'அண்ட்' சாதாரணச் சொல் என்று நினைக்க வேண்டாம். நம் அரசியல் சட்டத்தின் 30-வது ஷரத்து, சிறுபான்மையினர் கல்வி நிலையங்களை 'நிறுவவும் நிர்வகிக்கவும்' உரிமை தருகிறது. ஆங்கில மூலத்தில் நடுவே இருப்பது 'அண்ட்'. 1967-ல் அஜீஸ் பாஷா வழக்கில் உச்ச நீதிமன்றம் இரண்டையும் சேர்த்தே படிக்க வேண்டும், நிறுவியவருக்கே நிர்வாக உரிமை என்றது. 'யார் நிறுவியது என்று எப்படி முடிவு செய்வது' என்பதில் அந்தத் தீர்ப்பை 2024 நவம்பரில் ஏழு நீதிபதிகள் அமர்வு பெரும்பான்மையாக மாற்றியது. ஒரு 'அண்ட்' எவ்வளவு தூரம் போகிறது பாருங்கள்.

இதற்கு நேர்மாறான குறையும் உண்டு. சென்ற மாதம் என் பேரன் ஒரு வேலை விண்ணப்பத்தைக் காட்டினான். ஒவ்வொரு பாராவும் 'மோரோவர்', 'ஃபர்தர்மோர்', 'தேர்ஃபோர்' என்றே தொடங்கியது. கம்ப்யூட்டர் எழுதிக் கொடுத்ததாம். அவற்றை அடித்துவிட்டுப் படிக்கச் சொன்னேன். அர்த்தம் எதுவும் குறையவில்லை. "தாத்தா, அப்போ இதெல்லாம் எதுக்கு?" என்று அவனே கேட்டான்.

பள்ளியில் ஜியாமிதி போட்டபோது 'ஆகவே' என்பதற்கு மூன்று புள்ளி வைப்போம், ஞாபகம் இருக்கிறதா? மேலே ஒன்று, கீழே இரண்டு. அதையே தலைகீழாக வைத்தால் 'ஏனெனில்'. முந்தைய வரி நிரூபித்தால்தான் மூன்று புள்ளி வைக்கலாம். இல்லாவிட்டால் வாத்தியார் மார்க்கைக் குறைப்பார். 'தேர்ஃபோர்' எழுதும்போதும் அதே கண்டிப்பு வேண்டும்.

ஆகையால் ஒரு சிறு பயிற்சி. எழுதி முடித்ததும் இணைப்புச் சொற்களை எல்லாம் பென்சிலால் கோடிடுங்கள். எடுத்துவிட்டாலும் பொருள் மாறவில்லையென்றால் எடுத்துவிடுங்கள். பிறகு கோடு விழாத இடங்களைப் பாருங்கள். அங்கே படிப்பவர் இரண்டு விதமாக எடுத்துக்கொள்ள வழி இருந்தால், நீங்கள் நினைப்பது எது என்று ஒரு சொல்லால் சொல்லிவிடுங்கள்.

அந்த அம்மாளுக்குப் பென்ஷன் நிலுவையோடு கிடைத்தது. ஆனால் அந்த 5 மாதம் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிந்தது என்று நான் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்கத் தைரியம் வரவில்லை.