ஓடும் முன் நிற்க வேண்டும்

 

பழம்பொருளைப் போற்றும் மனமும் பழுதை நீக்கும் கைத்திறனும் ஒருவரிடத்தே ஒருங்கே அமைவது அரிது. அவ்விரண்டும் ஒருசேரத் தேவைப்படும் பணி ஒன்று உண்டு. பல்லாண்டுக் காலம் கொட்டகையில் நின்றுபோன பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றை மீண்டும் சாலைக்குக் கொண்டுவரும் பணியே அது. அதில் முதன்முறையாக இறங்குவோர் எதனை முதலிற் செய்தல் வேண்டும், எதனைச் செய்யாது விடுதல் வேண்டும் என்பதே இவ்வுரையின் பொருள்.

எடுத்துக்காட்டாக ஒரு காரைக் கொள்வது நலம். இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டு நகருக்குத் தெற்கே ஆபிங்டன் என்னும் சிறு நகரம் உள்ளது. அங்கிருந்த எம்.ஜி. தொழிற்சாலையில் 1962 முதல் 1980 வரை எம்.ஜி.பி. என்னும் கார் கட்டப்பட்டது. ‘மாரிஸ் கராஜஸ்’ என்ற நிறுவனப் பெயரின் சுருக்கமே எம்.ஜி. என்பது. இருவர் அமரும் திறந்த வண்டியாக அது முதலில் வெளிவந்தது. 1965இல் நிலையான கூரையுடைய ஜி.டி. வடிவமும் சேர்ந்தது. அதன் நான்கு சிலிண்டர் என்ஜின் 1798 கன செ.மீ. கொள்ளளவுடையது. பெரும்பாலான வண்டிகளில் இரண்டு எஸ்.யூ. கார்புரேட்டர்கள் உண்டு. கணினியோ, மின்னணுக் கட்டுப்பாடோ இல்லை. ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகள் கட்டப்பட்டமையால் உதிரிப் பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. இக்காரணங்களால் இங்கிலாந்தில் இத்தொழிலைக் கற்க விழைவோர் பலர் எம்.ஜி.பி.யையே முதற்பணியாகத் தேர்ந்துகொள்கின்றனர். தந்தை ஓட்டியதையோ, உறவினர் கொட்டகையில் விட்டுச்சென்றதையோ அவர்கள் கையிலெடுப்பதும் உண்டு.

நிற்கும் வண்டிக்குத் தேய்மானம் இல்லை என்று பலர் எண்ணுவர். உண்மை அதற்கு மாறானது. ஓடும் என்ஜினில் எண்ணெய் எங்கும் பாய்ந்து இரும்பைக் காக்கும். நின்ற என்ஜினில் அவ்வெண்ணெய் மெல்ல வடிந்துவிடும். சிலிண்டர்ச் சுவரில் ஈரம் படிந்து துரு எழும். பிஸ்டன் வளையங்கள் அத்துருவோடு ஒட்டிக்கொள்ளும். டேங்கில் தங்கிய பெட்ரோல் நாளடைவில் பிசின்போலாகிக் கார்புரேட்டரின் நுண்துளைகளை அடைக்கும். பிரேக் எண்ணெய் காற்றிலுள்ள ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. ஆதலின் பிரேக் சிலிண்டர்களின் உட்புறமும் துருவேறும். ரப்பர்க் குழாய்கள் வெளியே நலமுடன் தோன்றினும் உள்ளே உப்பி வழியை அடைத்திருக்கலாம். டயரின் பள்ளங்கள் ஆழமாக இருப்பினும் ரப்பர் முதுமையால் இறுகி வெடித்திருக்கும்.

இவ்வளவும் கண்ணுக்குத் தெரியாமல் நிகழ்வன. ஆதலால், புதிதாக இறங்குவோர்க்கு முதல் ஆவல் தோன்றும்போதே முதல் ஆபத்தும் தோன்றுகிறது. புதிய பேட்டரி ஒன்றை வாங்கி இணைத்து, சாவியைத் திருப்பி, என்ஜின் உறுமுவதைக் கேட்டுவிட வேண்டும் என்பதே அந்த ஆவல். ஒட்டிய பிஸ்டனை ஸ்டார்ட்டர் மோட்டாரின் வலிமையால் இழுத்தால் வளையம் முறியும். சிலிண்டர்ச் சுவரில் கீறல் விழும். முப்பது ஆண்டு நின்றும் கெடாதிருந்த என்ஜின் முப்பது நொடியில் கெட்டுப்போகும்.

பொறுமையுடையோர் செய்யும் முறை வேறு. அவர்கள் ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, ஒவ்வொரு சிலிண்டரிலும் சிறிதளவு மெல்லிய எண்ணெய் விட்டுச் சில நாள் ஊறவிடுவர். பின்னர் என்ஜினைக் கையால் சிறிது சிறிதாக முன்னும் பின்னும் அசைப்பர். அது தடையின்றிச் சுழன்ற பின்பு பழைய எண்ணெயை வடித்துப் புதியதை ஊற்றுவர். பிளக்குகளைப் பூட்டாமலே ஸ்டார்ட்டரால் சுழற்றி, எண்ணெய் அழுத்தம் காட்டும் முள் எழுவதைக் கண்ட பின்னரே மேற்செல்வர். பேட்டரியை இணைப்பதிலும் கவனம் தேவை. 1967க்கு முற்பட்ட எம்.ஜி.பி.க்களில் பேட்டரியின் நேர்முனையே வண்டியின் உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. இக்கால வழக்கை எண்ணி முனைகளை மாற்றி இணைப்பவர் மின்கருவிகளை இழக்க நேரும்.

இரண்டாவது ஆவல் இதனினும் கொடியது. ஒரு வார இறுதியில் வண்டி முழுவதையும் பிரித்துப் போடுவதே அது. பிரிப்பது எளிது, அதில் விரைந்த முன்னேற்றமும் தோன்றும். ஆறு மாதம் கழித்து எந்தத் திருகு எந்தத் துளைக்குரியது என்பது மறந்துபோகும். கையிருப்புப் பணமும் கரையும். பெட்டி பெட்டியாகப் பாகங்களை வைத்துக்கொண்டு, முற்றுப்பெறாத வண்டியை மிகக் குறைந்த விலைக்கு விற்றுவிட்டு விலகியோர் எந்நாட்டிலும் உளர். பொறுமையோடு நின்ற கார் அவர்தம் ஆர்வத்தாலேயே அழிந்துபோவது வருந்தத்தக்கது. ஒவ்வொரு பாகத்தையும் கழற்றுமுன் படமெடுத்தல், சிறு பைகளில் இட்டுப் பெயரெழுதுதல், நாள்தோறும் குறிப்பேட்டில் பதிதல், ஒரு பகுதியை முடித்த பின்னரே மறுபகுதியைத் தொடுதல் ஆகியவையே அதற்கு மருந்து.

வண்டியின் உடலைப் பற்றியும் அறிந்துகொள்ளுதல் இன்றியமையாதது. எம்.ஜி.பி.க்குத் தனிச் சேசிஸ் இல்லை. தகட்டாலான உடலே முழுச் சுமையையும் தாங்குகிறது. கதவுகளுக்குக் கீழே, முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் இடையே இருபுறமும் ஓடும் பெட்டி போன்ற பகுதியை ஆங்கிலேயர் ‘சில்’ என்பர். கூரையில்லா வண்டிக்கு அதுவே முதுகெலும்பு. துரு முதலில் உண்ணுவதும் அதனையே. சிலர் அவ்விடத்தைப் பட்டி பூசி மறைத்து, மேலே பெயிண்ட் அடித்து விற்றுவிடுவர். ஒரு சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தால் உண்மை புலப்படும். தடித்த பட்டியில் காந்தம் ஒட்டாது. துருவேறிய சில்லை வெட்டியெடுக்கும்போது இரு பக்கங்களையும் ஒருசேர வெட்டுதல் ஆகாது. உடலுக்கு நன்கு முட்டுக் கொடுத்து, கதவின் இடைவெளிக்குக் குறுக்கே இரும்புச் சட்டம் பொருத்தி, ஒரு பக்கம் முடித்த பின்னரே மறுபக்கத்தைத் தொட வேண்டும். தவறினால் உடல் நடுவில் தொய்ந்து, பின்னர்க் கதவு ஒருபோதும் சரியாக மூடாது. வெல்டிங் அறியாதவர் இப்பணியைத் தேர்ந்தவரிடம் ஒப்படைப்பதில் இழுக்கு எதுவுமில்லை.

இவை அனைத்தினும் முதன்மையானது பிரேக். என்ஜின் ஓடாவிடின் வண்டி வீட்டில் நிற்கும். அதனால் எவர்க்கும் தீங்கில்லை. பிரேக் பிடிக்காவிடின் சாலையில் செல்லும் அறியாத ஒருவர் உயிரிழக்கக்கூடும். தொடக்கக் கால எம்.ஜி.பி.யில் நான்கு சக்கரங்களுக்கும் பிரேக் எண்ணெய் ஒரே சுற்றில் செல்கிறது. ஓரிடத்தில் கசிந்தால் நான்கும் செயலிழக்கும். ஆதலால் ரப்பர்க் குழாய்களை எல்லாம் மாற்றி, சிலிண்டர்களைத் திறந்து நோக்கி, உலோகக் குழாய்களையும் ஆராய்ந்த பின்னரே வண்டியைக் கொட்டகையைவிட்டு வெளியே நகர்த்த வேண்டும். ஓடச்செய்வதற்கு முன் நிற்கச்செய்தல் என்பதே இத்தொழிலின் முதல் விதி.

செய்பவர்தம் உயிரும் காக்கப்பட வேண்டியதே. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் படுத்தல் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்த பின்னரே புக வேண்டும். பழைய பிரேக் கட்டைகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கக்கூடும். அத்தூசியைக் காற்றால் ஊதிப் பறக்கவிடலாகாது.

எவ்வளவு புதுப்பிப்பது என்னும் வினா இறுதியில் எழுகிறது. 1988 முதல் பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ் நிறுவனம் எம்.ஜி.பி.யின் முழு உடலையும் புதிதாகச் செய்து விற்கத் தொடங்கியது. பணமிருப்பவர் யாவற்றையும் புதிதாகவே வாங்கிவிடலாம். அவ்வாறு செய்தபின் பழைய கார் என்று சொல்ல எஞ்சுவது எவ்வளவு? பழைய வாகனங்களுக்கான உலக அமைப்பாகிய ஃபிவா 2012இல் டுரின் சாசனத்தை ஏற்றுக்கொண்டது. இயன்றவரை காத்தல், தேவைக்கு மேல் மாற்றாதிருத்தல், செய்த மாற்றங்களைப் பதிந்துவைத்தல் ஆகியன அதன் சாரம். நைந்த இருக்கைத் தோலும், கைபட்டு மெருகேறிய ஸ்டீயரிங் வளையமும் அந்த வண்டியின் வரலாறு. உயிருக்கு ஆபத்தானதைத் தயங்காது மாற்றுக. அழகுக்காக மட்டும் மாற்ற நினைப்பதை ஓராண்டு தள்ளிவைக்க. இங்கிலாந்தின் கேடன் என்னும் ஊரிலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் அருங்காட்சியகம் பழைய ஆலைப் பதிவேடுகளைக் காத்துவருகிறது. வண்டியின் எண்ணைக் கொண்டு, அது எந்நாளில், எந்நிறத்தில் கட்டப்பட்டது என்பதை அங்கிருந்து சான்றிதழாகப் பெறலாம். பெயிண்ட் வாங்குமுன் அதனைப் பெறுதல் அறிவுடைமை.

பிரிட்டனில் 2018 மே மாதம் முதல், நாற்பதாண்டு கடந்து பெரிதும் மாற்றப்படாத கார்களுக்கு ஆண்டுச் சோதனையிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டுள்ளது. ஆயினும் வண்டியைச் சாலைக்குத் தகுதியாக வைத்திருக்கும் கடமை உரிமையாளரை விட்டு நீங்கவில்லை. சோதிக்கும் கண் இல்லாத இடத்தில் மனச்சான்றே சோதிக்க வேண்டும். விலக்கு இருந்தும் தாமே முன்வந்து வண்டியைச் சோதனைக்கு விடுவோர் போற்றத்தக்கவர்.

இளைஞர்களே! பழைய கார் கிடைக்கலாம், கிடைக்காது போகலாம். தாத்தாவின் சுவர்க் கடிகாரமோ, பாட்டியின் தையல் இயந்திரமோ, பரணில் கிடக்கும் வானொலிப் பெட்டியோ பெரும்பாலான இல்லங்களில் உண்டு. அதனைத் தொடுமுன் ஒருநாள் அமர்ந்து நன்கு பார்த்து, ஒரு குறிப்பேட்டைத் திறந்து முதல் வரியை எழுதுங்கள். ஸ்பானரை அதன் பின்னர் எடுக்கலாம்.